அடி அளக்கப் போனவன்

அளவு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க அண்ணாச்சி. கொத்தனாருன்னு சொன்னதும் எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. ரூம்பு பத்துக்குப் பன்னெண்டு வைக்கலாமா, ஹாலை எத்தனை அடி இழுக்கலாம்னு. செங்கல் கேளுங்க, எந்தச் சூளையில எடுக்கணும்னு சொல்லுதேன். மணல் கேளுங்க, கம்பி கேளுங்க. அளவுக்கு மட்டும் வேற ஆளைப் பாருங்க. நான் அளவு பாக்கிறதை விட்டுப் பன்னெண்டு வருசமாச்சு. இஞ்சினியர் கோடு போட்டுக் குடுத்தா அதுமேல கல்லை வைக்கேன், அம்புட்டுதான்.

ஏன்னா கேக்கீங்க? பஸ்ஸு இப்ப நகராது. முன்னால லாரி கவுந்து கெடக்காம், டிரைவரே வண்டியை அணைச்சிட்டு எறங்கிட்டாரு. சொல்லுதேன், கேளுங்க. ஆனா எங்க ஊருப் பக்கம் வந்தா வாய் தவறிக்கூட இதைச் சொல்லிப்புடாதீங்க. எங்க வீட்டுல நான் துபாயில இருந்தேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

பொய்யில்லை அண்ணாச்சி, துபாய்க்குத்தான் போனேன். பதினோரு நாள் இருந்தேன். பன்னெண்டாம் நாள் பட்டாளத்துப் பிளேன்ல ஏத்தினான். சீட்டு கிடையாது, வலையைக் கட்டி வச்சிருக்கான், அதுல சாஞ்சு உக்காரணும். எறங்கிப் பாத்தா ஆப்கானிஸ்தான். ஏஜெண்டுக்குப் போன் போட்டா, "அங்கயும் சிமெண்டுதானே கொம்பையா?"ங்கான். சிமெண்டுதான், இல்லேங்கலை.

அப்பவே அங்க சண்டை ஆரம்பிச்சுப் பத்து வருசம் ஆயிருந்துச்சு. அமெரிக்கா, இங்கிலாந்துன்னு நாப்பது நாட்டுப் பட்டாளம் ஒரு பக்கம். தாலிபான்காரங்க ஒரு பக்கம். பட்டாளத்துக்காரன் சண்டை போடுவான் சரி, அவனுக்குச் சோறு பொங்க, துணி வெளுக்க, கக்கூஸ் கட்ட ஆள் வேணுமில்ல? அது நாங்க. நேபாளி, பிலிப்பைன்ஸ்காரன், மலையாளத்தான், நான். ஒரு ஊரு அளவுக்கு முகாம், சுத்திலும் சுவரு. ரெண்டே முக்கா வருசம் ஆப்கானிஸ்தான்ல இருந்தேன், ஆப்கானிஸ்தானைப் பாக்கலை. சுவத்துக்கு மேல ஒரு மலை தெரியும். அதுதான் நான் பாத்தது. பாஸ்போர்ட்டு எங்க கேம்ப்பை மேய்க்கிற பாஸ் ரூம்புல, இரும்புப் பெட்டிக்குள்ள. ஸ்கரியான்னு கோட்டயத்துக்காரரு. நல்ல மனுசன்தான், சாவியை மட்டும் தரமாட்டாரு.

வேலை என்னன்னா, தெனமும் காலையில வெளிய இருந்து உள்ளூர் ஆளுங்க கூலிக்கு வருவாங்க. கேட்டுல தலைமுடி வரைக்கும் தடவிப் பாத்து உள்ள விடுவான். போன் கூடாது, பேப்பர் பேனா கூடாது, அளக்கிற டேப்பு கூடாது. பத்து ஆளுக்கு ஒரு காவலாளு. அந்தப் பத்து பேரும் சாயங்காலம் கேட்டைத் தாண்டுற வரைக்கும் அவன் கண்ணு முன்னால இருக்கணும். ஒண்ணுக்குப் போனாலும் கூடப் போகணும். எங்க செட்டுக்கு அந்தக் காவலாளு நான்தான். கொத்தனாரும் நானே, மேஸ்திரியும் நானே, காவக்காரனும் நானே.

என் பத்து பேர்ல ஒருத்தன் தோர்யாலை. என் வாயில அந்தப் பேரு நுழையலை, தொரைன்னே கூப்பிட்டேன். முப்பது வயசு இருக்கும். ரெண்டு பொட்டப் பிள்ளைக. சின்னதுல அகதியா பாகிஸ்தான்ல கெடந்தவன், அதனால உருது பேசுவான். நான் பம்பாய்ல அஞ்சு வருசம் பூச்சு வேலை பாத்தவன், இந்தி வரும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிடும் பாத்துக்கிடுங்க. என்னை உஸ்தாத்னு கூப்பிடுவான். வாத்தியாருங்கிற மாதிரி ஒரு மரியாதை. தூக்குக் குண்டு பிடிக்கிறதை ஒரே நாள்ல படிச்சான். மத்தியானம் கம்பெனி தர்ற பொட்டலத்துல என்ன கறின்னு யாருக்கும் தெரியாது. மாட்டுக்கறியா இருக்குமோன்னு நான் தொடமாட்டேன். அதைப் பாத்துட்டு, அவன் வீட்டுல இருந்து கொண்டாற ரொட்டியை ரெண்டாப் பிச்சுப் பாதியை என் தட்டுல வைப்பான். வேண்டாம்னா கேக்கமாட்டான். பெரிய ரொட்டி, நம்ம முறம் அகலம் இருக்கும்.

இதுவரைக்கும் ஒரு குத்தமும் இல்லைல்லா? இனிமேத்தான் என் கெரகம்.

ராக்கெட் வந்து விழும் அண்ணாச்சி, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு. சங்கு ஊதுவான், பட்டாளத்துக்காரன் கான்கிரீட்டுப் பொந்துக்குள்ள ஓடிருவான். எங்க கேம்ப்புல அப்படிப் பொந்து கிடையாது. நாங்க கட்டிலுக்கடியில படுப்போம், ஒட்டுப் பலகைக் கட்டிலு. ஒரு நாள் டீசல் டாங்கிப் பக்கத்துல விழுந்து நேபாளிச் சமையக்காரர் ஒருத்தர் செத்துப்போனாரு. அதுக்கப்புறம்தான் கம்பெனிக்குப் புத்தி வந்து, எங்களுக்கும் ஒரு பதுங்குற அறை கட்டிக்கிடுங்கன்னான். பிளான் குடுத்தான். பாக்கேன், சுவத்துக்குச் சுவரு உள்கூடு நாலு மீட்டர். அதாவது பதிமூணு அடி.

நீங்களும் வீடு கட்டப் போறவரு, மனையடி தெரியும்லா? பதிமூணுன்னா பகை. எங்கப்பா பதிமூணு அடியில கோழிக்கூடு கூடக் கட்டமாட்டாரு. சாகாம இருக்கதுக்குன்னு ஒரு அறை, அதுல போயிப் பகையில கல்லு வைக்கவா? பதினாறு வேணும். பதினாறு நிறைஞ்ச அளவு. மூணு அடி டாங்கிப் பக்கமா நீட்டினாப் போதும். ஆனா டாங்கி வேலிக்கும் நமக்கும் நடுவுல நூறு அடி விட்டாகணும்னு ரூலு. அப்ப அந்தத் தூரம் தெரியணுமா இல்லையா?

நான் போகமுடியாது. போனா பத்து பேரையும் இழுத்துக்கிட்டுப் போகணும். இங்கிட்டுக் கான்கிரீட்டு கலந்து கெடக்கு, விட்டா இறுகிப்போகும். டேப்பை உள்ளூர்க்காரன் கையில குடுக்கப்படாதுன்னு சட்டம். சட்டத்தை நான் மீறலை. டேப்பு கடைசி வரைக்கும் என் இடுப்புலதான் இருந்துச்சு, அதை நீங்க மனசுல வச்சுக்கிடணும். தொரையைக் கூப்பிட்டேன். குதிகாலையும் பெருவிரலையும் ஒட்ட வச்சு அடிமேல அடி எப்படி அளக்கிறதுன்னு ஒரு வாட்டி காட்டினேன். நாங்க பரம்பரையா அப்படித்தான் மனை பாக்கோம். "வேலி வரைக்கும் போயி எத்தனைன்னு எண்ணிட்டு வா"ன்னேன்.

அவனுக்கு ஒரே சந்தோசம். சத்தமா எண்ணிக்கிட்டே போறான், அவங்க பாசையில. பாதியில திரும்பிப் பாத்துச் சிரிச்சான், சரியா வைக்கேனாங்கிற மாதிரி. நானும் தலையை ஆட்டினேன்.

கோபுரத்துல இருந்து ஒருத்தன் கத்தினான் பாருங்க. அடுத்த நிமிசம் ரெண்டு ஜீப்பு. தொரையைக் குப்புறத் தள்ளி முதுகுல முட்டியை வச்சு அழுத்திட்டாங்க. பெறவுதான் உறைச்சுது. ராக்கெட் அடிக்கிறவனுக்கும் அந்த அளவுதானே வேணும்? எங்கிருந்து எத்தனை அடியில டாங்கி இருக்குன்னு. போன மாசம்தான் அதே டாங்கிப் பக்கத்துல விழுந்திருக்கு. கோபுரத்துல இருக்கவன் கண்ணுக்கு எப்படித் தெரியும், இது மனையடின்னு?

ஒரு சார்ஜெண்டு என்கிட்ட வந்து, "நீ அனுப்பினியா?"ன்னான். அந்தச் சமயத்துல நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? துப்பாக்கி அவன் கையில இருக்கு. "கக்கூஸுக்குப் போறேன்னு போனான் சார்"னுட்டேன். வாயில தானா வந்துச்சு. தானா வர்றதுக்கு மனுசன் என்ன செய்யமுடியும்?

சாயங்காலம் விசாரணைன்னு கூப்பிட்டாங்க. அதுக்கு முன்னால ஸ்கரியா என்னைத் தனியா இழுத்துட்டுப் போனாரு. "கொம்பையா, நீ அனுப்பினேன்னு சொன்னா உன்னையும் தொரையைப் போட்டிருக்க கூண்டுலயே போடுவான். எந்த நாட்டுக்காரன்னு கூடக் கேக்கமாட்டான். எம்பசிக்குத் தெரியவே ஆறு மாசம் ஆகும். உனக்கும் ரெண்டு பிள்ளை இருக்குல்லா"ன்னாரு. அவரு சொல்லுததுலயும் நியாயம் இருக்கா இல்லையா?

விசாரணையில, அளக்கிற சாமான் ஏதாவது அவன்கிட்ட குடுத்தியான்னு கேட்டான். இல்லைன்னேன். அது சத்தியம். காலு அவனோடது, நானா குடுத்தேன்? அவன் நடக்கும்போது என்ன செஞ்சேன்னு கேட்டான். கான்கிரீட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்னேன். அதுவும் பாதி நெசம். டைப் அடிச்சு நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் கழிச்சு ஸ்கரியா வந்து, "உனக்கு ஒண்ணுமில்லை, அவனே ஒத்துக்கிட்டான். யாரும் சொல்லலை, நானாத்தான் நடந்தேன், சும்மா எண்ணினேன்னு எழுதிக் குடுத்திருக்கான்"னாரு. கேட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான். நடுவுல நான் யாரு?

அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஃபைலு மூடலையாம். சாட்சி நான் ஒருத்தன்தான், அதனால ஃபைலு மூடுற வரைக்கும் நான் நாட்டை விட்டுப் போகப்படாதுன்னுட்டாங்க. எனக்கு ரெண்டு மாசத்துல காண்ட்ராக்ட் முடியுது. பொண்டாட்டிக்கிட்ட பொங்கலுக்கு வாறேன்னு சொல்லியாச்சு. ஸ்கரியா ரூம்பு வாசல்ல தெனமும் போய் நிப்பேன். இரும்புப் பெட்டியைப் பாப்பேன். உள்ள என் போட்டோ ஒட்டின பொஸ்தகம் கெடக்கு, வெளிய நான் கெடக்கேன். பொங்கல் போச்சு, பங்குனி உத்திரம் போச்சு. ஏழு மாசம் அண்ணாச்சி. அவனாவது ஜெயில்னு சொல்லி ஜெயில்ல இருந்தான். எனக்கு அந்தப் பேரு கூட இல்லை.

இதுக்கு நடுவுல ஒரு நாள் காலையில புதுசா ஒரு ஆளு என் செட்டுல நிக்காரு. அறுவது வயசுக்கு மேல இருக்கும், மருதாணி போட்ட தாடி. பேரு ஜன்னத்குல். மத்த ஆளுங்க கிசுகிசுன்னு பேசிக்கிட்டாங்க. யாருன்னு கேட்டேன். தோர்யாலையோட, நம்ம தொரையோட அப்பா. சண்டை போட வந்திருக்காரு, இல்லைன்னா கத்தியால குத்த வந்திருக்காருன்னு நினைச்சேன். அவரு மண்வெட்டியை எடுத்து மணலை அள்ள ஆரம்பிச்சாரு.

மத்தியானம் ஆச்சு. ரொட்டியை எடுத்தாரு, ரெண்டாப் பிச்சாரு, பாதியைக் கொண்டாந்து என் தட்டுல வச்சாரு. போய்த் தன் எடத்துல உக்காந்துக்கிட்டாரு.

மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும். வேண்டாம்னு தள்ளி வச்சேன், எடுக்கமாட்டாரு, அது அங்கனேயே காஞ்சு கெடக்கும். தட்டு எடுக்காம வந்தேன், சிமெண்டு சாக்குமேல துணியை விரிச்சு வச்சாரு. ஸ்கரியாகிட்ட கெஞ்சினேன், அந்தக் கிழவனை வேற செட்டுக்கு மாத்துங்கன்னு. "அவரு கேட்டுல மூணு வாரம் வரிசையில நின்னு, உன் செட்டுதான் வேணும்னு கேட்டு வாங்கிட்டு வந்திருக்காரு, நான் என்ன செய்ய?"ன்னாரு. இதைக் கொடுமைன்னு சொல்லாம என்னன்னு சொல்லுவீங்க? திட்டினா பதிலுக்குத் திட்டலாம். அடிச்சா தடுக்கலாம். ரொட்டி குடுக்கிறவனை மனுசன் என்ன செய்யமுடியும்? காவலாளு நானு, பத்து மணி நேரமும் அவரு என் கண்ணு முன்னால இருக்கணும், அது ரூலு. யாருக்கு யாரு காவல்னே தெரியாமப் போச்சு.

அந்தப் பதுங்குற அறையையும் கட்டி முடிச்சோம். எத்தனை அடின்னு கேக்கீங்களா? பதிமூணுதான். பிளான்ல இருக்கபடி. எனக்கு அப்ப வாயைத் திறக்கப் பயம்.

ஒரு நாள் காலையில பத்து மணி இருக்கும், சங்கு ஊதினான். எல்லாரும் அதுக்குள்ள விழுந்தடிச்சு ஓடினோம். இருபது இருபத்தஞ்சு பேரு, மூச்சு விட எடமில்லை. நான் ஒரு சுவத்துல சாஞ்சிருக்கேன், எதுத்தாப்புல ஜன்னத்குல், முட்டியும் முட்டியும் இடிக்குது. வெளிய ஒண்ணு விழுந்துச்சு, தூரத்துலதான். சங்கு நிக்கலை, வெளிய போகமுடியாது. அரை மணி நேரம் அந்தத் தாடியையே பாத்துக்கிட்டு இருந்தேன். என்னால முடியலை அண்ணாச்சி. கத்திட்டேன். "என்னத்துக்குய்யா வாறீரு? கேக்கிறதைக் கேட்டுத் தொலையும்! அடிக்கிறதுன்னா அடியும்!"னு கத்தினேன். தமிழ்ல கத்தினேன், பெறவு இந்தியில கத்தினேன். எல்லாவனும் திரும்பிப் பாக்கான்.

அவருக்கு உருது கொஞ்சம்தான் வரும். ஒவ்வொரு வார்த்தையாத் தேடித் தேடிச் சொன்னாரு. "செஞ்சிலுவைக்காரங்க என்னைக் கூட்டிட்டுப் போயி மகனைக் காட்டினாங்க. நடுவுல கண்ணாடி. கால் மணி நேரம். அவன் ரெண்டு விசயம் சொன்னான். உஸ்தாத் மத்தியானம் சாப்பிடமாட்டாரு, ரொட்டி குடுங்க. அவரு ஊருக்குப் போற வரைக்கும் அவரு பக்கத்துலேயே இருங்க, அவரு பயந்த சுபாவம்."

நான், "யாரு அனுப்பினான்னு அவங்க கேக்கலையா?"ன்னேன்.

"தெனமும் கேக்காங்களாம். நானாத்தான் நடந்தேன்னு சொல்லுதானாம். எம் மகன் எதுக்குத் தானா நடக்கணும் உஸ்தாத்? அவன் பள்ளிக்கூடமே போகலை, அளவெல்லாம் அவனுக்குத் தெரியாது." அப்படிச் சொல்லிட்டு என்னையே பாத்தாரு. "நான் உங்ககிட்ட எதுவும் கேக்க வரலை. அவன் சொன்னதைச் செய்ய வந்தேன்."

சங்கு நின்னுச்சு, வெளிய வந்து மண்வெட்டியை எடுத்துக்கிட்டாரு.

பதினஞ்சு நாள் கழிச்சு என்னைக் கூப்பிட்டாங்க. பழைய ஆபீசர் மாறிப் புது ஆபீசர், பொம்பளை. நல்ல அம்மா, உக்காரச் சொன்னா. பக்கத்துல ஸ்கரியா நிக்காரு, கையில என் பாஸ்போர்ட்டு. அந்த அம்மா என் பழைய வாக்குமூலத்தை மொழிபெயர்க்கிறவனை வச்சு வாசிச்சுக் காட்டி, "இதுல எதையாவது மாத்தணுமா? இப்ப சொன்னா எழுதிக்கிடுதேன்"னா. அவசரமே படலை. என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் வாயைத் திறந்தேன் அண்ணாச்சி. சத்தியமாத் திறந்தேன். அவனை நான்தான் அனுப்பினேன்னு சொல்லணும், அஞ்சாறு வார்த்தைதான். "கொஞ்சம் தண்ணி வேணும்"னேன். குடுத்தாங்க. குடிச்சேன். கையெழுத்துப் போட்டேன்.

கிளம்புற அன்னைக்கு ஜன்னத்குல் என் பெட்டியைத் தூக்கினாரு. விடும்னேன், கேக்கலை. வண்டி வரைக்கும் தூக்கிட்டு வந்து வச்சாரு. ஏதாவது சொல்லுவாருன்னு நின்னேன். நெஞ்சுல கையை வச்சுத் தலையைக் குனிஞ்சாரு, அவங்க வழக்கம் அது. சட்டுனு திரும்பி நடந்துட்டாரு. அவரு வேலை முடிஞ்சிருச்சுல்லா.

தொரை என்ன ஆனான்னா? எனக்கு எப்படித் தெரியும்? நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்? துபாயில இருந்தவன்லா நான். கொஞ்ச வருசம் முன்னால பட்டாளமெல்லாம் அந்த நாட்டை விட்டுக் கிளம்பினப்போ டிவியில காட்டினான். ஜெயிலைத் திறந்து விட்டாச்சு, கும்பல் கும்பலா ஆளுங்க வெளிய வாறாங்க. நான் எழுந்திரிச்சுப் போயி டிவியை ஒட்டி நின்னு ஒவ்வொரு மொகமாப் பாத்தேன். பொண்டாட்டி பின்னால இருந்து, "யாரைத் தேடுதீக?"ங்கா. கூட வேலை பாத்த ஆளுன்னேன். "துபாய்ல வேலை பாத்த ஆளு அங்கன எதுக்கு வரப் போறாரு?"ன்னா. அதுக்குள்ள அந்தப் படம் போயி வேற படம் வந்துருச்சு. எல்லாருக்கும் தாடி, எல்லாரும் எலும்புந்தோலுமா இருந்தாங்க. இருந்தானோ என்னவோ.

எல்லாரும் அவனைப் பாவம்னுதான் சொல்லுவாங்க, நீங்களும் மனசுக்குள்ள அதைத்தான் சொல்லுதீங்க, எனக்குத் தெரியுது. என்னை யாரு நினைக்கா? நான் அவனுக்கு என்ன கெடுதல் நினைச்சேன்? அவனும் அவன் அப்பனும் சேந்துக்கிட்டு என்னை இப்படிச் செஞ்சிருக்க வேண்டாம். கூண்டுல போட்டிருந்தாலும் ஒரு வருசம், ரெண்டு வருசம், அதுக்கப்புறம் விட்டிருப்பான். நானும் வெளிய வந்திருப்பேன். ஒரே ஒரு வாட்டி அந்தப் பாவி என் பேரைச் சொல்லியிருக்கலாம்லா, அண்ணாச்சி?